வெள்ளிக்கிழமை ஊசி

— ஏறு. மெசினைப் பார்த்துக்கிட்டு நிண்டா பாரம் கொறையாது. ஏறு.

— ஸபீனா மதினி, இப்பதான் அஸர் தொழுதிட்டு பிளேன்டி ஒண்டு குடிச்சன். அது வயித்துக்குள்ள கெடந்து ஆடுது. நாளைக்கு காலையில கிளினிக்ல எப்படியும் நிறுப்பாங்கதானே. அங்க பார்த்துக்குவம்.

— நாளைக்கு பார்க்கிறது டொக்டர். அவர் பார்த்தா பார்த்ததுதான். போன முற என்ன சொன்னார் எண்டு மறந்திட்டியா, ஸுஹைரா? தங்கச்சி கிட்னி குடுக்கிறதுண்டா நாலு மாசத்துல பன்னெண்டு கிலோ கொறையோணும், இந்தப் பாரத்தோட கத்தி வைக்க மாட்டன் எண்டார். கொறையாட்டி வேற ஆள் தேடுங்க எண்டார். வேற ஆள் எங்க இரிக்கி? மாமிக்கு எழுபது தாண்டிட்டு. என்ட ரத்தம் சேரல்ல. ஒன்ட முஹ்ஸின் நானாவோட கூடப்பொறந்தது எண்டு நீ ஒருத்திதான். நான் புத்தளத்துல இருந்து பாலாவி வரைக்கும் இந்த மெசினை மடியில வச்சிக்கிட்டு திரீவீல்ல குலுங்கி வந்தது ஒன்ட பிளேன்டிக் கதை கேக்கவா?

— சரி, சரி. செருப்பைக் கழட்டவா?

— கழட்டு. வளையலையும் கழட்டு.

— வளையல்ல என்ன மதினி பாரம் இரிக்கி. அரப் பவுன் கூட இல்ல. சரி, கழட்டிட்டன். பிஸ்மில்லாஹ். நீங்களே பார்த்துச் சொல்லுங்க, எனக்கு நம்பர் தெரியல்ல, வயிறு மறைக்கிது.

— எண்பத்தாறு.

— அல்லாட காவல். எண்பத்தஞ்சு எண்டு நெனச்சன்.

— சிரிக்கிறியா? தொண்ணூத்தொண்டுல தொடங்கினது. பதினாறு வெள்ளிக்கிழமை, பதினாறு ஊசி. அஞ்சு கிலோ. பார்மசிக்காரி சொன்னா, கச்சேரி ஆபீஸ்ல வேல செய்ற ஒரு பொம்புள எட்டு ஊசியில ஒம்பது கிலோ எறங்கிட்டாவாம், சாரி பிளவுஸ் எல்லாம் புதுசாத் தைக்கக் குடுத்திட்டாவாம். ஒனக்கு மட்டும் மருந்து தண்ணியாப் போச்சா?

— ஒடம்புக்கு ஒடம்பு வித்தியாசம்தானே.

— ஒடம்பு இல்ல, வாய். நீ களவாத் திங்கிறா. தள்ளு, சட்டியெல்லாம் நான் பார்க்கோணும்.

— பாருங்க. தாராளமாப் பாருங்க. அது முருங்கக் கீரை. அது மீன் ஆணம், தேங்காப்பால் விடாதது. உப்பும் போடல்ல, நானா வந்து தின்னுற பழக்கத்துல இப்ப எங்கட வீட்டுல ஒருத்தரும் உப்பு கேக்கிறதில்ல. உப்பளத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிற சட்டிக்குள்ள உப்பில்ல எண்டு என்ட மனுஷன் பகடி பண்றார். அந்த டின்னுக்குள்ள விசுக்கோத்து, அது புள்ளைகள்ட. எண்ணிப் பார்க்கோணுமா?

— சோறு எவ்வளவு திங்கிறா?

— ஒரு கரண்டி. முந்தி பீங்கான் நெறைய சோத்தைப் போட்டு, ஓரத்துல கறி வைப்பன். இப்ப கறி நடுவுல, சோறு ஓரத்துல. முதல் கிழமை அழுகை வந்திச்சி, மதினி. மெய்யாத்தான் சொல்றன். பசியில இல்ல, பழக்கத்துல. இப்ப பழகிட்டு.

— கேட்டியா, ஒரு கரண்டி திங்கிறவள் எண்பத்தாறுல நிக்க ஏலாது. கதவுக்குப் பின்னால என்னத்தை மறைச்சி வச்சிரிக்கிறா?

— அது கயிறு. ஆட்டுக் கயிறு.

— ஒனக்கிட்ட ஏது ஆடு?

— ஆடு இல்ல. கயிறு மட்டும்தான். சிரிக்காமக் கேளுங்க. எங்கட ஊர்ல ஒரு பொம்புள சும்மா நடந்தா விடுவாங்களா? முதல் நாள் விடிய ஸுபஹ் தொழுதிட்டு உப்பளத்து வரம்புல நடந்தன். ரெண்டாம் நாளே சந்தியில வச்சி ஒருத்தன் எங்கட இவரைக் கேட்டிரிக்கான், என்ன அன்ஸார், வீட்டுல சண்டையா, பொஞ்சாதி கோவிச்சிக்கிட்டு உம்மா வீட்டுக்கு நடந்தே போறாவே எண்டு. இவர் வந்து குதி குதி எண்டு குதிச்சார். மூணாம் நாள் இந்தக் கயித்தை கையில எடுத்தன். கேட்டவங்களுக்கெல்லாம் ஆடு காணாமப் போச்சி எண்டன். அண்டையில இருந்து ஒரு கரைச்சல் இல்ல. உப்பு வாருற பொம்புளைகள் இன்னும் ஆடு கெடைக்கல்லையா எண்டு கவலையாக் கேப்பாங்க. உடப்புல இருந்து வாற ஒரு அக்கா எனக்காக அம்மனுக்கு நேர்ந்திரிக்காவாம். நாலு மாசமா இல்லாத ஆட்டைத் தேடி ஒரு மணித்தியாலம் நடந்திட்டு வாறன்.

— நாலு மாசமாவா?

— மழை பெஞ்ச நாலஞ்சு நாளைத் தவிர.

— எனக்கு ஏன் சொல்லல்ல?

— சொல்ற மாதிரி வரல்ல.

— ஸுஹைரா, இப்படித் திரும்பு. என்ட மொகத்தைப் பாரு. அந்த ஊசி போட்டா சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிக்கும் எண்டு சொன்னாங்க. ஒனக்கு எத்தின நாள் சத்தி வந்திச்சி?

— வரல்ல.

— ஒரு நாளும்?

— இல்ல.

— தலச்சுத்து? வயித்துப் பொருமல்? நெஞ்சு எரிவு?

— இல்ல, மதினி.

— ஊசி போட்டவளுக்கு பசியே எடுக்காதாம். நீ பழக்கத்துல அழுத எண்டு இப்ப சொன்னா. பொறகு என்னத்துக்கு விடியக்காலையில கயித்தைப் புடிச்சிக்கிட்டு வரம்புல ஓடுறா? ஸுஹைரா, அந்த ஊசி ஒன்ட ஒடம்புக்குள்ள போச்சா இல்லையா?

— மதினி, கதிரையில இருங்க. தண்ணி எடுத்துத் தாறன்.

— தண்ணி வேணாம். போச்சா இல்லையா?

— இல்ல.

— ஒண்டும்?

— ஒண்டும் போகல்ல.

— யா அல்லாஹ். பதினாறு ஊசி. ஒன்ட பிரிஜ் பழுது எண்டதால எங்கட பிரிஜ்ல வச்சி, கரண்ட் போனா ஐஸ் வாங்கிப் போட்டு, கைப்புள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தனே. வெள்ளிக்கிழமை பரக்கத்தான நாள், அண்டைக்கே போடட்டும், அவர் ஜும்ஆ முடிய தங்கச்சி வீட்டுக்கு சாப்பிடப் போறவர்தானே, அவர்ர கையிலயே குடுத்து விடுவம் எண்டு ஒவ்வொரு கிழமையும் பிளாஸ்க்ல வச்சிக் குடுத்தன். போட்டு முடிஞ்ச வெறும் ஊசியை திருப்பி அனுப்பு எண்டன். அனுப்பினியே. பதினாறும் என்ட அலுமாரியில இரிக்கி. உள்ளுக்கு இருந்த மருந்து எங்க போச்சி?

— அதை மட்டும் கேக்காதீங்க. அது என்னை நம்பித் தந்த அமானிதம்.

— என்ட புருஷன் மவுத்தாப் போறதை விட அமானிதம் பெரிசா? செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் ரத்தம் கழுவுற மெசின்ல நாலு நாலு மணித்தியாலம் கெடக்கிறார். கைல இருந்த நரம்பு ரெண்டு தரம் அடைச்சிட்டு, இப்ப கழுத்துல குழாய். போன மாசம் அந்தக் குழாய்க்குள்ள கிருமி பூந்து காய்ச்சல்ல நடுங்கினப்போ யார் கூட இருந்தது? நான். கழுத்துல எத்தின நாளைக்கு ஓட்டுவம் எண்டு நர்ஸ் என்ட காதுக்குள்ள கேட்டா. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இப்ப சொல்றன் ஒனக்கு.

— தெரியும், மதினி.

— தெரிஞ்சா இப்படிச் செய்வியா? எனக்கு இப்பதான் வெளங்குது. ஒனக்குப் பயம். கத்திக்குப் பயம். நான் குடுக்க மாட்டன் எண்டு வாயால சொல்ல வெக்கம், அதால இந்தக் கொழுப்புக்குப் பின்னால ஒளிச்சிக்கிட்டு இரிக்கிறா. பாரம் கொறையாட்டி டொக்டரே வேணாம் எண்டுடுவார், பழி ஒனக்கு வராது. அப்படித்தானே? ஒன்ட சீதன வீட்டைக் கட்ட கட்டார்ல பதினொரு வருஷம் வெயில்ல காஞ்ச மனுஷன். அவருக்கு நீ செய்ற கைம்மாறு இது.

— போதும், மதினி.

— போதாது. அண்ணன்ட உசிரை விட ஒரு தங்கச்சிக்கு தன்ட வயிறு பெரிசாப் போச்சி எண்டு ஊர் கேக்கட்டும்.

— நானாதான் ஊத்தினது.

— என்ன?

— ஊசியை ஊத்தினது நான் இல்ல. முஹ்ஸின் நானா. சொல்லக் கூடாது எண்டு சத்தியம் வாங்கினார், அல்லாஹ் மன்னிக்கட்டும். முதல் வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடிய பிளாஸ்க்கைத் தொறந்து ஊசியை எடுத்தார். நான் சட்டைய ஒதுக்கிக்கிட்டு நிக்கிறன், குத்தப் போறார் எண்டு. மனுஷன் எழும்பி சிங்குக்குப் போய், மூடியைக் கழட்டி, அமத்திப் புடிச்சிக்கிட்டு நிண்டார். க்ளிக் எண்டு சத்தம் கேட்டிச்சி. பைப்பைத் தொறந்து கழுவிட்டு வெறும் ஊசியை திருப்பி பிளாஸ்க்குக்குள்ள வச்சி, நீ போட்டதா ஒன்ட மதினி நெனச்சிக்கட்டும் எண்டார். பொறகு ஒவ்வொரு கிழமையும் அப்படித்தான். சாப்பிடுவார், ஊத்துவார், கொஞ்ச நேரம் சாய்வார், போவார்.

— பொய்.

— நான் பொய் சொல்றவள் எண்டா ஆட்டுக் கதைக்கு மட்டும்தான்.

— அவருக்கு என்ன பைத்தியமா? தன்ட உசிரை தானே சிங்குல ஊத்துறாரா?

— நானும் அதைத்தான் கேட்டன். அழுதன், சண்டை புடிச்சன், கால்ல விழாத குறை. அப்பதான் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல கெடக்கிற பதுர்தீன் மாமாட கதையைச் சொன்னார். நீங்களும் கண்டிருப்பீங்க, தாடிக்காரர், எந்த நேரமும் கால் ரெண்டும் வீங்கி.

— கண்டிரிக்கன். சீனி வருத்தக்காரர்.

— அவர் வருத்தக்காரராப் பொறக்கல்ல. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி தன்ட தம்பிக்கு கிட்னி குடுத்தவர். அப்ப அவரும் நல்ல பாரமாம். ஆபரேஷனுக்காக பட்டினி கெடந்து, என்னென்னவோ குளிசை குடிச்சி, மூணு மாசத்துல எலும்பும் தோலுமா போய்ப் படுத்திரிக்கார். குடுத்தாச்சி. பொறகு எதுக்குப் பட்டினி? பழைய பாண், பழைய பராட்டா, பழைய கொத்து. எறங்கின பாரம் வட்டியோட ஏறிட்டு. சீனி வந்திச்சி, பிரஷர் வந்திச்சி, மிஞ்சியிருந்த ஒரு கிட்னியையும் திண்டிட்டு. தம்பி நல்லா இரிக்கான். குடுத்தவர் மெசின்ல. நானாவுக்கு நாலு மணித்தியாலமும் கண்ணுக்கு முன்னால தெரியிறது அந்தக் கால் ரெண்டும்தான்.

— அது அவர் தன்ட ஒடம்பைப் பார்க்காத குத்தம். அது குளிசை, இது டொக்டர் எழுதித் தந்த ஊசி. எத்தின சனம் போட்டு நல்லா இரிக்கி.

— ஊசியை நான் குத்தம் சொல்லல்ல. நானா அந்த டொக்டரையே கேட்டிரிக்கார். ஊசி நல்ல மருந்துதானாம். நடக்கவே ஏலாத பாரத்துல கெடக்கிற ஆளை எழுப்பி விடுமாம். ஆனா நிப்பாட்டினா பசி திரும்பி வருமாம். ஊசி இருக்கிறப்போ சாப்பாட்டையும் நடையையும் மாத்திப் பழகாட்டி, எறங்கினதுல முக்காவாசி ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல திரும்பி வந்திடுமாம். கன பேர் நெடுகப் போடோணுமாம். நெடுகப் போட எங்களால ஏலுமா? அதோட எனக்கு சீனி இப்பவே எல்லையில நிக்கிது. எங்கட உம்மாவுக்கும் சீனிதானே, தங்கச்சி கவனமா இருக்கோணும் எண்டு டொக்டர் சொல்லியிரிக்கார். ரெண்டு கிட்னியோட பாரம் ஏறினா அது ஒரு கதை. ஒண்டோட ஏறினா?

— அப்ப ரெண்டையும் செய்யேன். ஊசியும் போடு, நடையும் நட. யார் வேணாம் எண்டது?

— நானும் அப்படித்தான் கேட்டன். அவர் மாட்டன் எண்டுட்டார். தன்ட கால்ல எறக்கின பாரம்தான் தன்ட கால்ல நிக்கும், ஊசியால எறங்கினா அது ஊசியா நீயா எண்டு எனக்கு எப்படித் தெரியும் எண்டார். நடந்து கொறைச்சி, ஒரு வருஷம் அதைக் காப்பாத்திக் காட்டு, அப்ப குடு, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறன் எண்டார்.

— ஒரு வருஷம். அவருக்கு ஒரு வருஷம் யார் எழுதிக் குடுத்தது? தலைக்கு மேல வெள்ளம் போறப்போ நீச்சல் பழகிட்டு வா எண்டு சொல்ற மாதிரி இரிக்கி.

— அதுதான் எனக்கும் நித்திரை இல்ல. நடக்கிறன், நடக்கிறன், மாசத்துக்கு ஒண்டேகால் கிலோ எறங்குது. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும் எண்டு சொல்லிக்கிட்டே நடக்கிறன். அம்மி நகருது. ஆனா நானாட மொகம் கறுத்துக்கிட்டே வருது. போன வெள்ளிக்கிழமை ரெண்டு வாய்க்கு மேல எறங்கல்ல அவருக்கு. மதினி, எனக்குப் பயம் இல்ல எண்டு நான் சொல்லல்ல. பயம்தான். என்ட சின்னவளுக்கு நாலு வயசு. நாளைக்கு நான் பதுர்தீன் மாமா மாதிரி கெடந்தா அவளை யார் பார்க்கிறது? அந்தப் பயத்தோடதான் சொல்றன், குடுக்கத்தான் போறன். நீங்க இண்டைக்கே ஊசியைத் தாங்க, அவருக்குத் தெரியாமப் போடுறன். இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டு, பன்னெண்டு கிலோவையும் எறக்கிட்டு டொக்டர்ட கையால கையெழுத்து வாங்குவம். பொறகு வாறதை அல்லாஹ் பார்த்துக்குவான்.

— நீ போடுவியா?

— போடுவன். உரலுக்குள்ள தலையை விட்டாச்சி, இனி ஒலக்கைக்குப் பயந்து என்ன செய்ய. ஒரே ஒரு விசயம், நானா கேட்டா மட்டும் நீங்கதான் பதில் சொல்லோணும். எனக்கு அவர்ர கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல ஏலாது. நீங்க சொன்னா நம்புவார். ஒங்கட பேச்சை அவர் ஒரு நாளும் தட்டினதில்ல.

— அவர் என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?

— என்னத்தைப் பத்தி?

— இந்த விசயத்துல. ஊசியை ஊத்துறது எனக்குத் தெரிய வந்தா என்ன ஆகும் எண்டு.

— கோவிப்பா எண்டார். பொறகு மன்னிச்சிடுவா எண்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாய்ஞ்சி இருந்துக்கிட்டு, தன்ட பாட்டுல கதைச்சார். நான் பீங்கான் கழுவிக்கிட்டு இருந்தன். ஒனக்கிட்ட எடுக்க எனக்கு மனசு வரல்ல, ஸுஹைரா, ஆனா ஸபீனாட ரத்தம் மட்டும் சேர்ந்திருந்தா நான் வெக்கப்படாம வாய் தொறந்து கேட்டிருப்பன் எண்டார். அவ மெலிஞ்சவ, சீனி இல்ல, பிரஷர் இல்ல, ஒரு கெட்ட சாப்பாடு இல்ல, அவட ஒடம்பு அவட சொல்லுக் கேக்கும் எண்டார். அவட ஒண்டு எனக்குள்ள இருந்தா அது எனக்குக் கடனாத் தோணாது, பதினேழு வருஷம் ஒண்டாப் படுத்து ஒண்டாத் திண்டதுல இதுவும் ஒண்டு எண்டு நெனச்சிருப்பன் எண்டார். அதுக்குத்தான் நஸீப் இல்லாமப் போச்சி எண்டு சொல்லி கண்ணைத் தொடச்சார்.

— அப்படியா சொன்னார்?

— அப்படியேதான். நீங்க ரத்தம் சேருதா எண்டு பார்த்த டெஸ்ட் பேப்பர் எடுக்க தனியாப் போய் வந்த நாளைப் பத்தியும் சொன்னார். படி ஏறி வந்ததும் சேரல்ல எண்டு சொல்லிட்டு குசினியில போய் இருந்தீங்களாம். ரெண்டு நாளா தண்ணி கூடக் குடிக்காம அழுதீங்களாம். அந்த அழுகைக்காகவே நான் அவவுக்கு கடமைப்பட்டவன் எண்டார். மதினி? என்ன, மெசினைத் தூக்கிட்டீங்க? நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனா?

— வளையலைப் போடு. நாளைக்கு கிளினிக்குக்கு நீ வர வேணாம்.

— கோவமா? கோவிக்காதீங்க, மதினி. நான்தான் இப்பவே ஊசி போடுறன் எண்டு சொல்றனே.

— ஒனக்கு ஊசி வேணாம். நீ ஒன்ட ஆட்டைத் தேடிக்கிட்டே நட, அதை விட்டுடாத. நாளைக்கு நான் மட்டும் போறன். அண்டைக்கு பேப்பர் தந்த டொக்டர் ஒரு அறைக்குள்ள தனியா வச்சிக் கேட்டார், விருப்பமா எண்டு. விருப்பம் இல்லாட்டி சொல்லுங்க, வெளியில ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம், ரத்தம் சேரல்ல எண்டு நீங்களே சொல்லிக்கலாம் எண்டார். நான் கத்தியை நெனச்சிக்கிட்டு, அப்படியே சொல்லிக்கிறன் எண்டுட்டு வந்தன்.

— மதினி, நீங்க என்ன சொல்றீங்க? அண்டைக்கு சேரல்ல எண்டுதானே அப்படி அழுதீங்க?

— சேர்ந்திச்சி, ஸுஹைரா. அதுக்குத்தான் அழுதன்.